காணாமல் போன அறுபது பிரைம்

அத்தியாயம் ஏழு

கதவு சாத்திக்கொண்ட விதமே எனக்குப் பிடிக்கவில்லை. அடித்துச் சாத்தியிருந்தால்கூட யாருக்கோ கோபம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். இது மெதுவாக வந்து, சட்டத்தோடு பொருந்தி, உள்ளுக்குள் எங்கேயோ மூன்று முறை 'க்ளிக்' என்றுவிட்டு அமைதியாகிவிட்டது. கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இரும்பு.

"அக்கா, உள்பக்கம் கைப்பிடி வைக்க மறந்துட்டாங்க."

"மறக்கல வாயாடி. வைக்கல," என்றாள் அக்கா.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. துப்பறியும் நிலையம் அவளுடையது. அதில் வண்டி ஓட்டுவது, கோப்பு தூக்குவது, தேவையில்லாத நேரத்தில் வாய் திறப்பது மூன்றும் என் இலாகா. பூட்டிய அறை என்றால் எனக்கு ஆகாது. லிஃப்டில்கூட இரண்டு மாடிக்கு மேல் போகமாட்டேன். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். அன்றைக்கு அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கே தெரியவில்லை.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்து மேனேஜரின் குரல் வந்தது.

"யாரும் பதற வேண்டாம். எங்க ரூல் இது. ஸ்டாக் எடுக்கிற அன்னிக்கு உள்ள போனவங்க, கணக்கு ஒத்துப்போனாத்தான் வெளிய வர முடியும். ஒத்துப்போச்சுன்னா மிஷினே கதவைத் திறந்துடும்."

"ஒத்துப்போகலைன்னா?" என்றேன்.

"குறையற சரக்குக்கு யாராவது பொறுப்பேத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கணும். கொடுத்தா நானே திறப்பேன்."

"ரெண்டும் நடக்கலைன்னா?"

"இதுவரைக்கும் அப்படி ஆனதில்ல சார்," என்றுவிட்டு ஸ்பீக்கர் அடங்கியது.

சுவர்க்கடிகாரத்தில் மணி மூன்று இருபது. ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் கம்பெனி அது. மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத இந்த அறையில் பிராசஸர்களை மட்டும் வைத்திருந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான், ஆனால் ஒரு கம்ப்யூட்டரின் மூளையே அதுதான். சட்டைப் பையில் பத்து போட்டுக்கொண்டு நடந்தால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த ஜெயில்.

கணக்குப்படி அறுபது 'தாரகா பிரைம் 5' இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. முதலாளியம்மா எங்களைக் கூப்பிட்டார். நீங்களும் சாட்சியாக உள்ளே இருந்து எண்ணிப் பாருங்கள் என்று மேனேஜர் அன்பாகச் சொன்னார். போன்களை வாங்கி வெளியே மேஜை டிராயரில் வைத்தார். நாங்களும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி தலையாட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டோம்.

உள்ளே மூன்றாவது ஆள் ஒருத்தி இருந்தாள். ஸ்டோர்கீப்பர். முப்பத்தைந்து வயதிருக்கும். நீல நிற ஸ்டோர் கோட், இடது மணிக்கட்டில், உடம்பிலிருக்கும் மின்சாரம் சாமானைத் தாக்காமலிருக்கக் கட்டுகிற பச்சை வயர். இருபது நிமிடத்தில் நாலு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

"எங்கயாவது போகணுமாம்மா?" என்றாள் அக்கா.

"பாப்பாவைக் காப்பகத்துல விட்டிருக்கேன் மேடம். நாலு வயசு. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டாப் போயிட்டேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா பேரை எடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. வேற காப்பகம் கிடையாது. அவளை எங்கயும் விட முடியலைன்னா நான் வேலைக்கே வர முடியாது."

"வீட்டுக்காரர்?"

"கப்பல்ல. அடுத்த வருஷம்தான் வருவாரு."

அப்போது கதவுக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதம் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. நான் எடுத்துப் படித்தேன். 'அறுபது தாரகா பிரைம் 5 பிராசஸர்கள் என் பொறுப்பில் இருக்கும்போது என்னால் எடுத்துச் செல்லப்பட்டன. போலீஸ் நடவடிக்கை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.' கீழே கையெழுத்துக்கு இடம். ஒரு பேனாவும் உருண்டு வந்தது.

"சிரமம் பார்க்காம பேனாகூட அனுப்பியிருக்காரு," என்றேன். "தண்ணி கேட்டா இவ்வளவு சீக்கிரம் வராது."

ஸ்பீக்கர் உயிர் பெற்றது. "ஏம்மா, எழுதிக் கொடுத்துட்டா இப்பவே திறந்துடறேன். பாப்பா காத்துக்கிட்டிருக்கும். யோசிச்சுக்கோ."

அவள் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "எடுக்கவே இல்ல மேடம். ஆனா எழுதலைன்னா இன்னிக்கு என் பொண்ணு தெருவுல நிப்பா," என்றாள்.

"நாலே முக்கால் வரைக்கும் எனக்குக் கொடு," என்றாள் அக்கா. "அதுக்குள்ள நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலைன்னா நானே பேனாவை எடுத்துத் தர்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா இப்படி வாக்குக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

வேலையை ஆரம்பித்தோம். ஸ்டோர்கீப்பர் துப்பாக்கி மாதிரி இருந்த ஸ்கேனரை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் ஸ்டிக்கரிலும் வைத்து அழுத்தினாள். 'பீப்' என்றது. மேஜை மேலிருந்த திரையில் அந்த மாடலுக்கு நேராக எண் ஒன்று ஏறியது. இதே திரைதான் வெளியே மேனேஜர் மேஜையிலும், நாலாவது மாடியில் முதலாளியம்மா அறையிலும் ஓடுகிறதாம்.

நான் பட்டியலைப் பார்த்தேன். முப்பத்தொரு மாடல். தாரகா 5, தாரகா 5 பிளஸ், தாரகா நியோ 3, நியோ 5, தாரகா 7, 7 ஸ்பெஷல், 9, 9 மேக்ஸ், அல்ட்ரா பிரைம் என்று நீண்டு, கடைசி வரியில் பிரைம் 5.

"ஸ்டோர் மேடம், இதுல எது பெரிசு? 9தானே?"

"இல்ல சார். நியோ 5, 7ஐ விட வேகம். ஆனா 5 பிளஸ், நியோ 5ஐ விட மெதுவு. 9 மேக்ஸ் பெரிசுதான், ஆனா போன வருஷத்து 9ஐ விடச் சின்னது."

"பேரு வச்சவன் குடிச்சிருந்தானா?"

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லாப் பேரையும் மாத்துவாங்க சார். விக்கணுமில்ல. அதனாலதான் நான் அந்தப் பேரையெல்லாம் வச்சுக்கறதில்ல. நானே வேற பேரு வச்சிருக்கேன்."

அப்போதுதான் ரேக்குகளைக் கவனித்தேன். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் சாக்பீஸால் ஒரு பெயர் எழுதியிருந்தது. 9 மேக்ஸ் இருந்த தட்டில் 'மாப்பிள்ளை'.

"பெரிய ஃபேன் வேணும், நிறைய கரண்ட் வேணும், சூடு தாங்காது. வேலைன்னு பார்த்தா ஒண்ணும் இல்ல," என்றாள் அவள். முதல் தடவையாக அவள் உதட்டில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது.

நியோ 3 இருந்த தட்டில் 'மருமகள்'. கேட்கவே வேண்டாம், இருக்கிறதிலேயே மலிவு, எல்லா ஆபீஸிலும் அதுதான் உழைக்கிறது. தாரகா 8இன் தட்டில் 'சித்தப்பா'.

"இது போன வருஷத்து 6தான் சார். மீசைக்கு மை பூசி 8னு அனுப்பியிருக்காங்க."

"அது எப்படித் தெரிஞ்சுது?" என்று அக்கா சட்டென்று திரும்பினாள்.

"சூடு, வேகம், உள்ள இருந்து கணக்குப் போடற கோர் எண்ணிக்கை எல்லாம் அப்படியே இருந்துச்சு மேடம். அதைத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் நான் பேரே வைப்பேன்."

அக்கா ரேக்குகளின் ஓரமாக நடந்தாள். விரலால் ஒவ்வொரு சாக்பீஸ் பெயராக எண்ணிக்கொண்டே போய்க் கடைசித் தட்டில் நின்றாள்.

"முப்பது பேருதான் இருக்கு. பட்டியல்ல முப்பத்தொண்ணு. யாரு விட்டுப்போச்சு?"

"பிரைம் 5."

"ஏன் அதுக்கு மட்டும் பேரு வைக்கல?"

"வந்தாத்தானே மேடம் வைக்கிறதுக்கு? அப்படி ஒரு சரக்கை நான் கண்ணாலகூடப் பார்த்ததில்ல. அதைத்தானே ஒரு வாரமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஸ்பீக்கர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "சாக்பீஸ்தானே, அழிக்க எவ்வளவு நேரமாகும்?" என்றது.

"சார், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்றேன்.

"இன்னிக்கு இதுதான் வேலை."

அக்கா உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கிவிட்டு, திரும்பவும் அதே ரேக்கின் நடுத்தட்டுக்கு வந்தாள். தாரகா 7 ஸ்பெஷல். அங்கே எழுதியிருந்தது: 'தத்துப்பிள்ளை'.

"இது ஏன் தத்துப்பிள்ளை?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது, ஸ்பீக்கருக்கு எட்டாத அளவுக்கு.

அவளும் குரலை இறக்கினாள். "பாப்பாவுக்குக் காய்ச்சல்னு நாலு நாள் லீவு போட்டேன் மேடம். திரும்பி வந்து பார்த்தா இதுங்க வந்து உட்கார்ந்திருந்துச்சு. நான் இறக்கல, வாங்கினேன்னு மிஷின்ல கைநாட்டு வைக்கல. மேனேஜர் சாரே வாங்கி அடுக்கியிருக்காரு."

"எத்தனை?"

"அறுபது."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் எனக்குப் பழக்கம் உண்டு.

மணி நாலு.

அறை சூடாகிக்கொண்டு வந்தது. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் வேர்த்தது. சுவர்கள் ஆளுக்கு ஒரு அடி உள்ளே நகர்ந்து வந்த மாதிரி இருந்தது. கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஸ்கேனரை எடுத்துத் தத்துப்பிள்ளைப் பெட்டி ஒன்றின்மேல் குறிபார்த்தேன். அந்தப் பெட்டிகளின் முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியே உள்ளே இருக்கும் சிப்பின் பளபளப்பான முதுகு தெரியும்.

"ஐயோ, கண்ணாடி மேல சுடாதீங்க!" என்று ஸ்டோர்கீப்பர் கையைத் தட்டிவிட்டாள். "ஸ்டிக்கர்லதான் சுடணும். கண்ணாடியில சுட்டா கண்டதையும் காட்டும்னு சார் சொல்லியிருக்காரு. எழுதியே ஒட்டியிருக்காரு பாருங்க."

உண்மைதான். சுவரில் ஒரு அறிவிப்பு இருந்தது. 'பெட்டி ஸ்டிக்கரை மட்டும் ஸ்கேன் செய்யவும்.'

"எப்போ ஒட்டினாரு?" என்றாள் அக்கா.

அவள் யோசித்தாள். "போன மாசம்."

"இத்தனை நாளா இல்லாத ரூல் போன மாசம் வந்திருக்கு." அக்கா ஸ்கேனரை என் கையிலிருந்து வாங்கினாள். "கண்டதையும்னா எதைக் காட்டும்னு நாமளும் பார்த்துடலாம்."

ஜன்னலில் வைத்து அழுத்தினாள். 'பீப்'.

திரையில் ஏழு ஸ்பெஷலுக்கு நேராக ஒன்றும் ஏறவில்லை. எங்கள் மூன்று பேர் கண்ணும் கீழே, கீழே, கடைசி வரிக்குப் போனது. தாரகா பிரைம் 5. சுழியாக இருந்த இடத்தில் ஒன்று.

"காணாமப் போனவன் வந்துட்டான்," என்றேன். என் குரலே எனக்குக் கீச்சென்று கேட்டது.

அக்கா அவசரப்படவில்லை. பட்டியலை இழுத்து இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எட்டு கோர், எட்டு கோர். வேகம் அதே. சூடு அதே. அறுபது, அறுபது. பெயரைத் தவிர ஒரு வித்தியாசம் கிடையாது.

"ஸ்டிக்கர் அச்சடிச்ச அன்னிக்கு இருந்த பேரைச் சொல்லுது," என்றாள் மெதுவாக. "சிப்போட முதுகுல இருக்கிறது வெறும் நம்பர். அந்த நம்பருக்கு இப்ப என்ன பேருன்னு, சிப் செய்யற கம்பெனியையே கேட்டு மிஷின் சொல்லுது. சரக்கு வந்தப்போ 7 ஸ்பெஷல். அப்புறம் கம்பெனி பேரை மாத்தி பிரைம் 5 ஆக்கிட்டான். அதே சரக்குக்குப் புதுப் பேருல இன்னொரு டெலிவரி சீட்டு வந்திருக்கும். புதுச் சரக்குன்னு நினைச்சு யாரோ அதையும் மிஷின்ல ஏத்திட்டாங்க."

"அப்போ மொத்தமே..."

"அறுபதுதான். நூத்தி இருபது எப்பவுமே இருந்ததில்ல. திருட்டே நடக்கல வாயாடி. ஒரே பிள்ளையை ரெண்டு பள்ளிக்கூடத்துல சேர்த்திருக்காங்க. ஒரு பள்ளிக்கூடத்துல ஆப்சென்ட்."

ஸ்டோர்கீப்பர் ரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாக அவளைத் திருடி என்று பார்த்த கண்களெல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மூணு மாசமா என் கையாலதான் தூசி தட்டி வச்சுக்கிட்டிருக்கேன்," என்றாள்.

எனக்குள் ஒரு மின்னல். இப்படி அடிக்கடி வராது, வந்தால் விடமாட்டேன். ஸ்பீக்கருக்குக் கேட்காமல் குரலை மட்டும் அடக்கிக்கொண்டேன்.

"அக்கா! பெட்டி பக்கம் ஒரு தடவை சுடுவோம், கண்ணாடி பக்கம் ஒரு தடவை சுடுவோம். அறுபதும் அறுபதும் நூத்தி இருபது. கணக்கு ஒத்துப்போயிடும். கதவு தானாத் திறந்துடும். காப்பகத்துக்கு நடந்தே போகலாம்!"

ஸ்டோர்கீப்பரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஸ்கேனரை அக்காவின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி, நாலைந்து பெட்டி சுட்டும்விட்டாள். மணி நாலு இருபது.

"திறந்ததும் என்ன பண்ணணும்?" என்றாள் அக்கா.

"நான் கைநாட்டு வைக்கணும் மேடம். எல்லாம் இருக்குன்னு."

"நூத்தி இருபது இருக்குன்னு."

'பீப்' நின்றது.

"அடுத்த மாசம் நூறு வேணும்னு ஆர்டர் வரும். நீ எங்க இருந்து எடுத்துக் கொடுப்ப? அன்னிக்கு உன் கைநாட்டு இருக்கும், நான் இருக்கமாட்டேன். இதே ரூம், இதே கதவு. போலீஸும் கூட இருக்கும்."

அவள் ஸ்கேனரை மேஜை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கண் கலங்கிவிட்டது. "அப்போ எழுதிக் கொடுத்தா இன்னிக்கே மாட்டறேன், எண்ணிக் காட்டினா அடுத்த மாசம் மாட்டறேன். வேற என்ன வழி மேடம் இருக்கு எனக்கு?"

என் யோசனையை நினைத்து எனக்கே கூசியது. பெரிய புத்திசாலி மாதிரி ஒரு குழியிலிருந்து அவளைத் தூக்கி அடுத்த குழியில் போடப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளை, அக்கா என்னைப் பார்க்கவில்லை. பட்டியலின் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'பொறுப்பு' என்ற கட்டம்.

"இந்த 7 ஸ்பெஷல் யாரு பொறுப்புல இருக்கு?"

"இறக்கும்போது கைநாட்டு வச்சவங்க பொறுப்பு மேடம். சார்தான் வச்சாரு. அவரு பேருலதான் இருக்கும்."

"பிரைம் 5?"

"சீட்டை மட்டும் ஏத்தினா, தானாவே ஸ்டோர் பொறுப்புல விழுந்துடும். என் பேருல."

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வருடத்தில் இரண்டு முறை பார்ப்பேன். வந்துவிட்டால் எதிராளி அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

"இப்ப எண்ணினதை அழிக்க முடியுமா?"

"முடியும்."

"இந்த அறுபதை மட்டும் அழி. திரும்ப எண்ணு. ஸ்டிக்கர் பக்கம் போகவே போகாத. எல்லாத்தையும் கண்ணாடியில சுடு."

"ரூல்..."

"கண்டதையும் காட்டட்டும்."

அவளுக்கு ஒரு விநாடி பிடித்தது. பிறகு புரிந்துவிட்டது என்பது அவள் எழுந்த வேகத்தில் தெரிந்தது. நான் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் சுட்டாள். பீப், பீப், பீப். நாற்பதைத் தாண்டும்போது ஸ்பீக்கர் இருமியது.

"ஏம்மா, என்ன பண்றே? என் ஸ்க்ரீன்ல என்னமோ ஏறுதே?"

"காணாமப் போன பிரைம் கிடைச்சுடுச்சு சார்," என்றேன். "வாழ்த்து சொல்லலையா?"

"அது எப்படிக் கிடைக்கும்? கிடைக்காதே! நிறுத்தச் சொல்லுங்க!"

"ஏன் கிடைக்காது?" என்றாள் அக்கா.

பீப், பீப். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

திரையில் கடைசி வரி பச்சையாக மாறியது. அதே விநாடியில் நடுவில் ஒரு வரி சிவப்பாகி மின்ன ஆரம்பித்தது. தாரகா 7 ஸ்பெஷல், இருக்க வேண்டியது அறுபது, இருப்பது சுழி. பொறுப்பு: மேனேஜர்.

அதே அறுபது சிப். துப்பாக்கியை இந்தப் பக்கம் நீட்டினால் அவள் திருடி, அந்தப் பக்கம் நீட்டினால் அவர் திருடர்.

ஸ்பீக்கரில் புதுசாக ஒரு குரல் வந்தது. வயதான, அவசரமில்லாத முதலாளியம்மாவின் குரல். சிவப்பு எழுந்தால் நாலாவது மாடியில் மணி அடிக்குமாம்.

"மேனேஜர், உங்க பேருல அறுபது குறையுது."

"மேடம், அது... அந்தப் பொண்ணு தப்பா ஸ்கேன் பண்ணிட்டா மேடம்."

"தப்பா ஸ்கேன் பண்ணா அறுபது பிரைம் எப்படி வரும்? அதைத்தானே காணோம்னீங்க?"

"அது பிரைம் இல்ல மேடம், 7 ஸ்பெஷல்!"

அக்கா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனாள். "கம்பெனிக்காரனே அதைப் பிரைம்னுதான் சொல்றான் சார். உங்க மிஷின்லதான் கேட்டோம். அப்போ நீங்க கைநாட்டு வச்சு வாங்கின 7 ஸ்பெஷல் எங்க? அறுபது பெட்டி. யாருகிட்ட கொடுத்தீங்க?"

"நான் யாருகிட்டயும் கொடுக்கல!"

"இந்தப் பொண்ணும் ஒரு வாரமா அதைத்தான் சொன்னா. நீங்க பேப்பர் அனுப்பினீங்க. அதுல பேரை மட்டும் அடிச்சு எழுதிக்கலாம். கதவுக்கு அடியில தள்ளட்டுமா?"

"மேனேஜர், நான் போலீஸைக் கூப்பிடறேன்," என்றது நாலாவது மாடி, அதே அவசரமில்லாத குரலில்.

"மேடம், வேண்டாம் மேடம்!" அவர் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே கதவு வழியாகக் கேட்டது. "ரெண்டும் ஒண்ணுதான் மேடம்! பேருதான் வேற! கம்பெனி பேரை மாத்திட்டான், எனக்கு லெட்டர் போட்டிருக்கான்! நான் எடுக்கல, யாருமே எடுக்கல!"

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"லெட்டர் எப்போ வந்துச்சு?" என்றார் முதலாளியம்மா.

"...போன மாசம்."

"போன மாசமே உங்களுக்குத் தெரியும். போன வாரம் இந்தப் பொண்ணு திருடிட்டான்னு என்கிட்ட வந்து நின்னீங்க."

"ரெண்டு தடவை ஏத்தினது நான்தான் மேடம். போன வருஷமே ஒரு தப்புக்கு நீங்க கடைசி எச்சரிக்கை கொடுத்துட்டீங்க. இன்னொண்ணுன்னா என்னை அனுப்பிடுவீங்கன்னு... அவ எழுதிக் கொடுத்துட்டா போலீஸ் இல்லாம முடிஞ்சுடும்னுதான் மேடம். வேற வேலை பார்த்துக்குவான்னு நினைச்சேன்."

வேற வேலை பார்த்துக்குவாள். எனக்கு அந்தக் கதவை உடைத்துக்கொண்டு போய் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. ஆறு அங்குல இரும்பு அவருக்குத்தான் அன்றைக்குப் பாதுகாப்பு.

"கதவைத் திறங்க," என்றார் முதலாளியம்மா.

மூன்று க்ளிக். வெளிக்காற்று உள்ளே வந்தது. மேனேஜர் வாசலில் நின்றார். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். ஒல்லியாக, சட்டை முதுகோடு ஒட்டி, என்னைவிட அதிகமாக வேர்த்துப்போய் நின்றார்.

மணி நாலு நாற்பத்தொன்பது.

ஸ்டோர்கீப்பர் மணிக்கட்டிலிருந்த பச்சை வயரைக் கழற்றினாள். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். வெளியே வந்து மேஜை டிராயரைத் திறந்து தன் போனை எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா," என்றார் முதலாளியம்மா ஸ்பீக்கரில், "நீ கொஞ்சம் இரு. நடந்தது எல்லாத்தையும் உன் கையால எழுதிக் கொடுத்துட்டுப் போ. நானே கீழ வர்றேன். அஞ்சே நிமிஷம்."

"எனக்கு நேரமில்ல மேடம்."

"அஞ்சு நிமிஷம்தானே கேக்கறேன். உனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"நான் உங்ககிட்ட ஒரு வாரமாக் கேட்டேன் மேடம், ஒரு தடவை கீழ வந்து பாருங்கன்னு," என்றாள் அவள். குரல் உயரவில்லை.

மேனேஜர் வழியில் நின்றுகொண்டிருந்தார். "ஏம்மா, ஒரு வார்த்தை, நான் சொல்றதை..." என்று கையை நீட்டினார். அவள் அவரைப் பார்த்தபடி நின்றாள். அவர்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்.

"வண்டி கீழ இருக்கு, நான் கொண்டுபோய் விடறேன்," என்றேன்.

"ரெண்டு தெருதான் சார். ஓடினா ஏழு நிமிஷம்," என்றுவிட்டு, அக்காவின் கையை ஒரு தடவை இறுகப் பிடித்தாள். அப்புறம் போனாள். லிஃப்டுக்கு நிற்கவில்லை. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இரண்டாவது மாடி, முதல் மாடி என்று இறங்கிக்கொண்டே போனது. வராந்தா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தேன். சிக்னலுக்குக்கூட நிற்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

ஸ்பீக்கரில் முதலாளியம்மா இன்னும் இருந்தார். "ஹலோ? நாளைக்குக் காலையில வருவால்ல? அவளை மாதிரி ஆள் எனக்குக் கிடைக்காது. ஹலோ, அந்தப் பொண்ணு அங்க இருக்காளா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். அக்கா உள்ளே போய் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றாள்.

"இல்ல மேடம்," என்றாள். "அவங்க போயிட்டாங்க."